போட்டி நுழைவுரிமை மறுவிற்பனை

போட்டி நுழைவுரிமை மறுவிற்பனை என்பது, ஒரு போட்டியில் பங்கேற்பதற்காகக் கட்டணம் செலுத்தியோ தகுதிச்சுற்றில் வென்றோ ஒருவர் பெற்ற இடத்தை, போட்டி தொடங்கும் முன்னர் பிறிதொருவருக்கு விலைக்குக் கைமாற்றுவதைக் குறிக்கும். சீட்டாட்டப் போட்டிகள், நெடுந்தொலைவு ஓட்டங்கள், ஏறுதழுவுதல் போன்ற பலவகைப் போட்டிகளில் இச்சிக்கல் எழுகின்றது. தொழில்முறை ஆட்டக்காரர் அல்லாதோருக்காக நடத்தப்படும் போக்கர் போட்டிகளில் இது மிகத் தெளிவாக வெளிப்படுவதால், இது பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் அவ்வாட்டத்தை ஒட்டியே நிகழ்ந்துள்ளன.

தமிழில் சீட்டு என்னும் ஒரே சொல் ஆட்டச் சீட்டையும், நுழைவுச்சீட்டையும், பரிசுச்சீட்டையும், கொங்கு நாட்டில் பரவலாக நடைபெறும் ஏலச்சீட்டையும் குறிக்கின்றது. இந்நான்கிலும் கைமாற்றம் உண்டு. ஆனால் நான்கிற்கும் நியாயம் ஒன்றல்ல.

பார்வையாளர் சீட்டும் பங்கேற்பாளர் சீட்டும்

நுழைவுச்சீட்டு மறுவிற்பனை என்றவுடன் தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது திரையரங்க வாயிலில் "பிளாக்கில்" விற்கப்படும் சீட்டே ஆகும். கோயம்புத்தூருக்கு இதில் நீண்ட தொடர்பு உண்டு. தென்னிந்திய இரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905 ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகச் சென்று படங்களைக் காட்டினார். பின்னர் 1914 ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் அரங்கை நிறுவினார். தென்னிந்தியாவின் தொடக்ககால நிலையான திரையரங்குகளுள் இதுவும் ஒன்று. வெரைட்டி ஹால் சாலை என்னும் பெயர் இன்றும் அந்நகரில் வழங்குகின்றது.

தமிழ்நாட்டில் திரையரங்கக் கட்டணத்தின் உச்ச அளவை அரசே நிர்ணயிக்கின்றது. 2017 அக்டோபரில் இவ்வளவு உயர்த்தப்பட்டபோது, பல்திரை அரங்குகளுக்கான உச்சக் கட்டணம் வரி நீங்கலாக 120 ரூபாயிலிருந்து 150 ரூபாய் ஆனது. பெரிய நடிகர் ஒருவரின் படம் வெளியாகும் முதல் நாளில் ஒரு சுவைஞர் அதைப் போலப் பல மடங்கு கொடுக்கவும் ஆயத்தமாக இருப்பார். நிர்ணயித்த விலைக்கும் கொடுக்க விரும்பும் விலைக்கும் இடையேயுள்ள இந்த வேறுபாட்டுத் தொகை அரங்க உரிமையாளருக்கும் செல்வதில்லை, படம் எடுத்தவருக்கும் செல்வதில்லை. சீட்டை முதலில் கைப்பற்றியவருக்கே அது செல்கின்றது. கள்ளச்சந்தையின் அடிப்படை இதுவே.

இங்குக் கருதத்தக்க ஒன்று உண்டு. திரையரங்கில் அடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பவர் 150 ரூபாய் கொடுத்தாரா 1500 ரூபாய் கொடுத்தாரா என்பதால், இவர் காணும் படத்தில் எந்த மாற்றமும் நிகழ்வதில்லை. சீட்டு கிடைக்காமல் வெளியில் நிற்பவருக்கே இழப்பு. போட்டியின் நிலை வேறு. அங்கே அடுத்த இருக்கையில் யார் அமர்கின்றார் என்பதைப் பொறுத்தே, ஏற்கனவே உள்ளே இருப்பவர்களின் வெற்றி வாய்ப்பு அமைகின்றது. எனவே பங்கேற்பாளர் சீட்டு கைமாறும்போது, விற்றவரும் வாங்கியவரும் மட்டுமன்றி அக்கைமாற்றத்தைப் பற்றி எதுவும் அறியாத பிறரும் பாதிக்கப்படுகின்றனர்.

பார்வையாளர் சீட்டிலும் அரிதாக இந்நிலை உண்டு. இங்கிலாந்தில் கால்பந்து ஆட்டச் சீட்டுகளை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வது 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகும். இரு அணிகளின் ஆதரவாளர்களைத் தனித்தனியே அமர்த்தும் ஏற்பாடு குலைந்து அடிதடி நேரும் என்பதே அதற்குக் காரணம். அங்கும் பக்கத்தில் யார் அமர்கின்றார் என்பதுதான் சிக்கல்.

போக்கர் போட்டிகளில்

போக்கர் போட்டி ஒன்றில் சேரும் ஒவ்வொருவரும் நுழைவுக் கட்டணம் செலுத்துகின்றனர். அதில் பெரும்பகுதி பரிசு நிதியில் சேரும். சிறுபகுதி நடத்துநரின் கட்டணமாகக் கழிக்கப்படும். முழுக்கட்டணம் செலுத்த இயலாதோருக்காகச் "சாட்டிலைட்" எனப்படும் தகுதிச்சுற்றுகள் நடத்தப்படுவது வழக்கம். எடுத்துக்காட்டாக, 10 பேர் தலா 110 ரூபாய் செலுத்தி ஆடினால், வெற்றி பெறும் ஒருவருக்குப் பணத்திற்குப் பதிலாக 1000 ரூபாய் மதிப்புள்ள முதன்மைப் போட்டியின் நுழைவுச்சீட்டு கிடைக்கும்.

இம்முறையின் புகழ் 2003 ஆம் ஆண்டில் உச்சத்தை எட்டியது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கணக்கரான கிறிஸ் மணிமேக்கர், நூறு டாலருக்கும் குறைவான இணையத் தகுதிச்சுற்று ஒன்றின் வழியாக, 10,000 டாலர் கட்டணமுள்ள உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்குத் தகுதி பெற்றார். அதில் பங்கேற்ற 839 பேருள் முதலிடம் பெற்று 25 இலட்சம் டாலர் பரிசை வென்றார். லாஸ் வேகாசுக்குச் செல்லுமுன் அவர் தம் தந்தைக்கும் நண்பர் ஒருவருக்கும் தம் பரிசின் பங்குகளை விற்றிருந்தார். இது நுழைவுரிமை விற்பனை அன்று, வருவாய்ப் பங்கு விற்பனை. மேசையில் அமர்ந்தவர் அவரேயாதலால் மற்ற ஆட்டக்காரர்களின் வாய்ப்பில் இதனால் மாற்றம் இல்லை. இவ்வேறுபாடு பின்னர் வரும் விவாதத்திற்கு இன்றியமையாதது.

சீட்டை வென்றவர் அதைப் பயன்படுத்த விரும்பாமல் இருக்கப் பல காரணங்கள் உள்ளன. அன்று அவருக்கு வேறு வேலை இருக்கலாம். பணமுடை இருக்கலாம். முதன்மைப் போட்டியில் தம்மினும் திறமையானோரை எதிர்கொள்ள அஞ்சலாம். அத்தகையோர் 1000 ரூபாய்ச் சீட்டை 800 ரூபாய்க்கு விற்க முன்வருவர். விற்பவர் மனமொப்பி விற்கின்றார், வாங்குபவர் மனமொப்பி வாங்குகின்றார், இதில் என்ன தவறு என்பது மறுவிற்பனையை ஆதரிப்போரின் வினா.

இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 50 இடங்களே உள்ள ஒரு போட்டி. கட்டணம் 1000 ரூபாய். அதில் 900 ரூபாய் பரிசு நிதிக்குச் செல்கின்றது எனக் கொள்வோம். மொத்தப் பரிசு 45,000 ரூபாய். ஐம்பதின்மரில் 10 பேர் தகுதிச்சுற்றில் வென்ற புதியவர்கள். அவர்களின் திறனுக்கு ஒவ்வொருவரும் சராசரியாக 600 ரூபாய் வெல்லக்கூடும் எனில், அவர்கள் பங்கு 6,000 ரூபாய். எஞ்சிய 39,000 ரூபாய் மற்ற 40 பேருக்கு, அதாவது தலைக்கு 975 ரூபாய் எதிர்பார்க்கத்தக்கது. இப்போது அப்பதின்மரும் தத்தம் சீட்டை 800 ரூபாய்க்குத் தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் விற்றுவிடுகின்றனர். தேர்ந்தவர் ஒருவரின் சராசரி வருவாய் 1500 ரூபாய் எனில், பதின்மருக்கும் 15,000 ரூபாய். எஞ்சுவது 30,000 ரூபாய். பழைய நாற்பதின்மரின் எதிர்பார்ப்பு தலைக்கு 750 ரூபாயாகக் குறைந்துவிடுகின்றது.

விற்றவர் ஒவ்வொருவரும் 200 ரூபாய் மிகுதியாகப் பெற்றனர். வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் 700 ரூபாய் மிச்சம். ஆகப் பதின்மர் இணைகளின் மொத்த ஆதாயம் 9,000 ரூபாய். மற்ற நாற்பதின்மர் தலைக்கு 225 ரூபாய் வீதம் இழந்தது அதே 9,000 ரூபாய். பரிசு நிதி ஒரு ரூபாயும் கூடவில்லை, குறையவும் இல்லை. விற்றவரும் வாங்கியவரும் பெற்றது முழுவதும், அவ்வறையில் வாய் திறவாமல் அமர்ந்திருந்த மற்றவர்களிடமிருந்து வந்தது. எண்கள் கற்பனையானவை எனினும், பரிசு நிதி நிலையாக உள்ள எந்தப் போட்டிக்கும் இக்கணக்கின் போக்கு பொருந்தும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அத்தேர்ந்த ஆட்டக்காரர் முழுக்கட்டணம் செலுத்தி நேரடியாகவே சேர்ந்திருக்கலாமே என்பது அது. எவரும் சேரத்தக்க திறந்த போட்டியில் இவ்வாதம் வலுவானது. அங்கே யாருடன் ஆட நேரும் என்பதற்கு எந்த உறுதியும் தரப்படுவதில்லை. ஆனால் புதியோருக்கு மட்டும் என அறிவிக்கப்பட்ட போட்டியில் இவ்வாதம் நிற்காது. "இங்குத் தேர்ந்தவர்கள் வரமாட்டார்கள்" என்னும் உறுதியை நம்பியே மற்றவர்கள் கட்டணம் செலுத்தியுள்ளனர். மறுவிற்பனை அவ்வுறுதியைப் புறவாசல் வழியாக உடைத்துவிடுகின்றது.

நடத்துநர்கள் கைமாற்றத்தைத் தடை செய்வதற்குக் கூறும் காரணம் பொதுவாக இதுவன்று. குறைந்த விலைச் சீட்டுகள் வெளியில் கிடைத்தால் முழுக்கட்டணம் செலுத்துவோர் குறைவர் என்பதும், உத்தரவாதம் அளித்த பரிசுத் தொகை நிரம்பாவிடில் எஞ்சியதைத் தாமே ஈடுகட்ட நேரும் என்பதும் அவர்களின் கவலை. ஒருவரே பல பெயர்களில் தகுதிச்சுற்று ஆடிச் சீட்டுகளைக் குவித்தல் என்னும் முறைகேடும் கைமாற்றம் எளிதாக உள்ள இடத்திலேயே தழைக்கின்றது. தடைக்கான காரணம் வணிகமாக இருந்தாலும் அதன் பயன் பிற ஆட்டக்காரர்களுக்கும் கிட்டுவதுண்டு. தடை விதித்துவிட்டு, வரஇயலாதவரின் கட்டணத்தைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளும் நடத்துநரிடம் நியாயம் பாதியே உள்ளது எனலாம்.

தமிழ்நாட்டில் சட்டநிலை

தமிழ்நாடு சூதாட்டச் சட்டம், 1930, திறன் சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தது. ரம்மி பெரிதும் திறன் சார்ந்தது என இந்திய உச்ச நீதிமன்றம் 1967 ஆம் ஆண்டு ஆந்திரப் பிரதேச வழக்கு ஒன்றில் கூறியது. போக்கர் பற்றி மாநிலத்திற்கு மாநிலம் நிலைப்பாடு வேறுபட்டது. மேற்கு வங்காளச் சட்டம் அதைச் சூதாட்ட வரையறையிலிருந்து நீக்கியுள்ளது. குசராத்து உயர் நீதிமன்றமோ 2017 ஆம் ஆண்டு அதைச் சூதாட்டமாகவே கருதியது.

இணையவழிப் பண ஆட்டங்களில் பணம் இழந்தோரின் தற்கொலைகள் தமிழ்நாட்டில் பெரும் கவலையை ஏற்படுத்தின. 2021 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை முற்றாகத் தடை செய்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டு 3 அன்று அச்சட்டத்தைச் செல்லாது என அறிவித்தது. பின்னர் நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான குழு 2022 சூனில் அறிக்கை அளித்தது. அதனைத் தொடர்ந்து இயற்றப்பட்ட புதிய சட்டத்திற்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் இசைவளித்தார். அச்சட்டத்தின் அட்டவணையில் ரம்மியும் போக்கரும் தடைசெய்யப்பட்ட ஆட்டங்களாகப் பெயர் குறிக்கப்பட்டிருந்தன. 2023 நவம்பர் 9 அன்று அளித்த தீர்ப்பில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. எனினும் அவ்விரு ஆட்டங்களுக்கும் அத்தடை பொருந்தாது எனக் கூறியது. 2025 பிப்ரவரியில் கொணரப்பட்ட ஒழுங்குமுறைகள் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பண ஆட்டங்களுக்குத் தடை விதித்ததுடன் ஆதார் சரிபார்ப்பையும் கட்டாயமாக்கின. இவை செல்லும் என உயர் நீதிமன்றம் 2025 சூன் 3 அன்று தீர்ப்பளித்தது. ஆதார் சரிபார்ப்பு என்பது நுழைவுரிமைக் கைமாற்றத்திற்கும் மறைமுகத் தடையே.

இரண்டரை மாதத்தில் நிலை முற்றிலும் மாறியது. நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டத்திற்கு 2025 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். திறன், தற்செயல் என்னும் பழைய வேறுபாட்டை இது பொருட்படுத்தவில்லை. பண வருவாயை எதிர்பார்த்துக் கட்டணம் செலுத்தி ஆடும் இணைய ஆட்டம் எதனையும் வழங்குவதை இது தடை செய்கின்றது. பணமாக மாற்றத்தக்க வில்லைகளும் நாணயங்களும்கூடப் பந்தயப் பொருள் என்னும் வரையறைக்குள் அடங்கும். ஆட்டத்தை வழங்குவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை தண்டமும் விதிக்கப்படலாம். ஆடுபவரைத் தண்டிக்கும் பிரிவு இதில் இல்லை. அம்மாதத்திலேயே முன்னணி நிறுவனங்கள் பல, பணப்பந்தய ஆட்டங்களை நிறுத்தின.

சீட்டு மறுவிற்பனையைப் பொறுத்தவரை, 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 112 ஆம் பிரிவு குறிப்பிடத்தக்கது. ஒரு குழுவின் உறுப்பினராக இருந்துகொண்டு அனுமதியற்ற முறையில் சீட்டு விற்பதும், அனுமதியற்ற பந்தயமும் சூதாட்டமும் அப்பிரிவில் ஒரே வரிசையில் சிறு அமைப்புசார் குற்றங்களாகக் கூறப்பட்டுள்ளன. தண்டனை ஓராண்டிற்குக் குறையாமல் ஏழாண்டு வரையிலான சிறை. தனியொருவர் தம்மிடம் மிஞ்சிய ஒரு சீட்டை நண்பருக்கு விற்பதை இது குறிவைக்கவில்லை என்பதைக் "குழு" என்னும் சொல்லால் அறியலாம்.

கொங்கு நாட்டுப் போட்டிகளில்

பணம் வைத்து ஆடும் சீட்டாட்டம் ஒருபுறம் இருக்க, நுழைவுரிமைக் கைமாற்றச் சிக்கல் இப்பகுதியின் பிற போட்டிகளிலும் எழக்கூடியதே. கோயம்புத்தூர் மாரத்தான் ஓட்டம் கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளைக்கு நிதி திரட்டும் பொருட்டு 2013 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இத்தகைய நெடுந்தொலைவு ஓட்டங்களில் ஒவ்வொருவருக்கும் மார்பில் அணியும் எண் அட்டை தரப்படுகின்றது. காயமுற்ற ஒருவர் தம் அட்டையை வேறொருவருக்குக் கொடுப்பது தீங்கற்ற உதவி போலத் தோன்றும். ஆனால் பரிசுகள் வயது, பால் வாரியாக வழங்கப்படுகின்றன. ஐம்பத்தைந்து வயதுடையவரின் அட்டையை அணிந்து இருபத்தைந்து வயதுடையவர் ஓடினால், அப்பிரிவில் உண்மையாக முந்தியவர் தம் இடத்தை இழப்பார். இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. ஓடுபவர் மயங்கி விழுந்தால், அட்டை எண்ணைக் கொண்டு மருத்துவர்கள் அறியும் பெயரும் குருதி வகையும் உறவினர் தொலைபேசி எண்ணும் வேறொருவருடையவையாக இருக்கும்.

கோயம்புத்தூர் மாவட்டத்தின் செட்டிபாளையம், திருப்பூர் மாவட்டத்தின் அலகுமலை, ஈரோட்டின் பவளத்தாம்பாளையம் ஆகிய இடங்களில் சல்லிக்கட்டு நடத்தப்பட்டு வருகின்றது. சல்லிக்கட்டில் மாடுபிடி வீரர்கள் முன்கூட்டியே பதிந்து, மருத்துவ ஆய்வுக்குப் பின் எண்ணிட்ட பனியன் அணிந்தே களமிறங்க வேண்டும். காளைகளுக்கும் டோக்கன் உண்டு. 2021 சனவரியில் மதுரை மாவட்டம் அலங்காநல்லூரில் 12 காளைகளை அடக்கி முதலிடம் பெற்றதாக அறிவிக்கப்பட்டவர், வேறொருவர் பெயரில் பதிவான பனியனை இடையில் வாங்கி அணிந்து விளையாடினார் எனப் புகார் எழுந்தது. இரண்டாமிடம் பெற்றவர் முறையிட்டதால் விவகாரம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்றது. பனியன் விலைக்கு மாறியதா அன்பிற்கு மாறியதா என்பது இரண்டாமிடத்தவருக்குப் பொருட்டன்று. தம்முடன் போட்டியிட உரிமை பெறாத ஒருவரிடம் தோற்க நேர்ந்தது என்பதே அவர் முறையீட்டின் சாரம்.

கைமாற்றத்தை ஒழுங்குபடுத்தும் முறைகள்

முற்றான தடை ஒன்றே வழியன்று. இந்திய இரயில்வேயில் பயணச்சீட்டை விற்பது குற்றம். ஆனால் வண்டி புறப்படுவதற்கு 24 மணி நேரத்திற்கு முன் எழுத்துமூலம் வேண்டினால், பெற்றோர், உடன்பிறந்தோர், மக்கள், வாழ்க்கைத்துணை ஆகியோர் பெயருக்கு மாற்றிக்கொள்ள இயலும். உறுதிசெய்த சீட்டு வீணாவதும் இல்லை, தரகருக்கு இடமும் இல்லை. உரிமமின்றிச் சீட்டு வாங்கி விற்கும் தொழிலைத் தண்டிக்கும் 1989 ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 143 ஆம் பிரிவு இணையவழிச் சீட்டுகளுக்கும் பொருந்தும் என உச்ச நீதிமன்றம் 2025 சனவரியில் தெளிவுபடுத்தியது.

விம்பிள்டன் டென்னிசுப் போட்டியில், முன்னதாகவே வெளியேறும் பார்வையாளர்கள் விட்டுச் செல்லும் சீட்டுகள் வளாகத்தினுள்ளேயே குறைந்த விலைக்கு மறுவிற்பனை செய்யப்பட்டு, அத்தொகை அறச்செயல்களுக்கு அளிக்கப்படுகின்றது. இம்முறை 1954 முதல் உள்ளது. போட்டிகளுக்கு இதை ஒத்த ஏற்பாடு, நடத்துநரே இடத்தைத் திரும்பப் பெற்று, காத்திருப்போர் பட்டியலில் முதலில் உள்ளவருக்கு அதே விலைக்கு அளிப்பதாகும். விற்பவர் தம் பணத்தைப் பெறுவார். வாங்குபவரின் தகுதியை நடத்துநர் சரிபார்ப்பார். யார் யாருக்கு விற்பது என்னும் தேர்வு விற்பவர் கையில் இல்லாததால், தேர்ந்த ஆட்டக்காரர்கள் சீட்டுகளைத் திரட்டுவதும் கடினமாகும். சீட்டை வென்றவருக்குப் பணமாக மாற்றிக்கொள்ளும் விருப்பத்தைத் தகுதிச்சுற்றின்போதே வழங்குவது மற்றொரு வழி.

கொங்கு நாட்டினர் நன்கறிந்த ஏலச்சீட்டில் இதற்கான முன்மாதிரி ஏற்கனவே உள்ளது என்பது வியப்பளிக்கலாம். ஏலச்சீட்டில் சேர்ந்த ஒருவர் இடையில் பணம் கட்ட இயலாமல் போனால், இன்னும் சீட்டு எடுக்காத நிலையில், தம் இடத்தை வேறொருவருக்குக் கைமாற்றலாம். சீட்டு நிதியங்கள் சட்டம், 1982, இதற்கு இடமளிக்கின்றது. ஆனால் கைமாற்றம் எழுத்துமூலம் நடைபெற வேண்டும். வாங்குபவர் கடன் தீர்க்கும் வசதியற்றவராயின் சீட்டு நடத்துபவர் அதை ஏற்க மறுக்கலாம். திரையரங்க இருக்கைக்கு இத்தகைய நிபந்தனை தேவைப்படுவதில்லை. ஏலச்சீட்டிலோ புதிதாக வருபவர் தவணை கட்டத் தவறினால் இடையூறு மற்ற உறுப்பினர்களைச் சென்றடையும். ஆகவே விற்பவர், வாங்குபவர் ஆகிய இருவரின் இசைவு மட்டும் அங்குப் போதாது. மற்றவர்கள் சார்பாக நடத்துபவரின் இசைவும் வேண்டும்.